அப்பா பெயரில் வந்த மூச்சு

எண் பொய் சொல்லாது என்று இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தேனியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். கூட்டலைத் தப்பாகப் போட்டுவிட்டு, "வழி சரிதானே டீச்சர்" என்று கெஞ்சுகிறவர்களுக்கு அரை மார்க்கூடப் போட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான், போன வருடம் நான் வாங்கிய அடி எவ்வளவு தகுந்தது என்பதும் தெரியும்.

அப்பாவுக்கு இளைப்பு. சின்ன வயதிலிருந்தே உண்டு. அதன் மேல் நாற்பது வருடப் பீடி. காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். போன வருடம் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தவர் பந்தலுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை, உதடு நீலம் பாரித்துவிட்டது. கம்பத்துக்குத் தூக்கிப் போய், அங்கிருந்து மதுரைக்கு அனுப்பி, எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒன்பதாவது நாள் எழுந்து உட்கார்ந்து டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "கொடிக்கு விட்ட மருந்து பாதியில நிக்குது, நான் எப்பப் போகலாம்?"

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, பீடியைத் தொடக்கூடாது. இரண்டு, இந்த நோய் இனி கூடவே இருக்கும், அதை நாம்தான் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குத் துணையாக போன் வழியாக ஒரு திட்டம் இருக்கிறது, சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு நர்ஸ் வந்து விளக்கினாள். கையளவு பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் தந்தாள். அதில் மூச்சை நன்றாக இழுத்து ஒரே ஊது ஊதினால், உள்ளே ஒரு முள் நகர்ந்து ஓர் எண்ணைக் காட்டும். காலையில் ஆறிலிருந்து ஏழு மணிக்குள் மூன்று தடவை ஊதி, அதில் பெரிய எண்ணை போனில் உள்ள ஆப்பில் போட வேண்டும். இருமல், சளி, தூக்கம் பற்றிச் சில கேள்விகள் இருக்கும். கடைசியில் இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒன்றை அமுக்க வேண்டும். அப்பாவுக்கு முந்நூறு வந்தால் சந்தோஷம். இருநூற்று நாற்பதுக்கு மேல் பச்சை, அதற்குக் கீழே மஞ்சள், நூற்றைம்பதுக்குக் கீழே போனால் சிவப்பு. மஞ்சள் வந்தால் பம்ப் மருந்தைக் கூட்ட வேண்டும். சிவப்பு வந்தால் உடனே போன் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் வகுப்பு. உதட்டைக் குவித்து மூச்சு விடுவது, பம்பைச் சரியாக இழுப்பது எல்லாம் அதில் சொல்லித் தருவார்கள்.

"நீங்க டீச்சர்தானே, உங்களுக்கு இது ஈஸி. எண்ணு உங்க போனுக்கும் வரும்" என்றாள் நர்ஸ்.

எனக்கு வாயெல்லாம் பல். அப்பாவின் மூச்சு எண்ணாக மாறி என் கைக்கு வருகிறது என்றால் சும்மாவா? அன்றே ஒரு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்தேன். அது வீட்டில் பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடக்கும். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும்போல பட்டன் போன்தான். அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் கிராஃப் தாளை ஒட்டி, தினமும் ஒரு புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். இருநூற்று எழுபது, இருநூற்று எண்பத்தைந்து, இருநூற்றுத் தொண்ணூறு. கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. அதை போட்டோ எடுத்து ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் காட்டினேன். பிள்ளைகள் வாங்கும் சென்டத்தைக்கூட நான் அப்படிக் காட்டியதில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கள்கிழமை, நூற்றுத் தொண்ணூறு என்று வந்தது.

குழாயில் தூசி இருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் நூற்று எண்பத்தைந்து. அதற்கு மறுநாள் நூற்று எண்பது. புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்கெட்ச் பேனாவோடு சுவர் முன்னால் நின்றேன். முந்தின வாரம் வரை ஏறிக்கொண்டிருந்த கோடு, மொட்டை மாடியிலிருந்து குதித்தமாதிரி கீழே விழுந்து கிடந்தது.

மதுரையிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். மஞ்சளில் இருக்கிறார், பம்பைக் கூட்டுங்கள் என்றாள். கூட்டினோம். ஒரு வாரம் கழித்தும் ஏறவில்லை என்றதும் டாக்டரைக் கேட்டு மாத்திரையும் சேர்த்தாள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. காபி டம்ளரைத் தூக்கினால் பாதி வேட்டியில் கொட்டியது. படபடவென்று வருகிறது, தூக்கம் வரவில்லை என்றார். எண்ணோ நூற்று எழுபது.

"எனக்கு ஒண்ணும் பண்ணலத்தா. நல்லாத்தேன் இருக்கேன். இந்த மாத்திரதேன் என்னைய ஆட்டுது" என்றார் போனில்.

நல்லா இருக்கிறாராம். நூற்று எழுபதை வைத்துக்கொண்டு நல்லா இருக்கிறாராம். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. வேறு என்ன இருக்க முடியும்? பீடி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனேன். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகத் தோட்டத்துக்குப் போய் மோட்டார் ரூமைச் சோதனை போட்டேன். நாற்பத்தாறு வயதுப் பொம்பிளை, பட்டுச்சேலை வாங்கப் போகிறவளைப்போல ஒவ்வொரு மூலையாகப் பிரித்துப் பார்த்தேன். ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் ஒரு தீப்பெட்டி கிடைத்தது. நமுத்துப் போய், எந்தக் காலத்துத் தீப்பெட்டியோ. ஆனால் எனக்கு அது போதுமாக இருந்தது.

அப்பாவை முற்றத்தில் நிற்க வைத்துக் கேட்டேன். அவர் முகம் சிறுத்துப் போய்விட்டது.

"ஆத்தா, உன்னையத் தொட்டுச் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போன நாள்ல இருந்து கையால தொடல."

"சத்தியம் பண்ற வாயிலதான்ப்பா பீடியும் இருக்கும்" என்றேன்.

சொல்லியிருக்கக்கூடாது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கொல்லையில் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா, "அவுக குடிக்கல தாயி... விட்ரு" என்றாள். இரண்டு வார்த்தைக்கு நடுவில் அடுப்புக்குள் குச்சியைத் தள்ளிவிட்டாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து பச்சைத் தண்ணீர் ஆகாது என்று அவளாகவே முடிவு செய்து, காலையும் மாலையும் அண்டா அண்டாவாக வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். எரிக்கிறது கவாத்து வெட்டிய திராட்சைக் குச்சி. பந்தலில் வெட்டிப் போட்டது மலைபோலக் குவிந்து கிடக்கும். காசு கொடுக்காத விறகு. மருந்தில் குளித்து வளர்ந்த குச்சி என்பதால் எரியும்போது கண்ணைக் கரிக்கும்.

"நீ சும்மா இரும்மா. எல்லாம் நீ குடுக்கிற செல்லம். எண்ணு பொய் சொல்லுமா?" என்றேன்.

அம்மா இன்னும் இரண்டு குச்சியை அடுப்பில் வைத்தாள். அவளுக்குச் செவ்வாய்க்கிழமை விரதம் வேறு சேர்ந்திருந்தது. அவுக நம்பர் ஏறணும் என்று அம்மனுக்கு வேண்டியிருக்கிறாளாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் பெரிய பேச்சுக்காரி. பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு ஒரே தெரு, ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அம்மாவோடு வந்தால் இருபது நிமிஷம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்பாள். "என்ன கொழம்பு?" "மக மாசமா இருந்தாளே, வந்துட்டாளா?" "மாடு கன்னு போட்ருச்சா?" நின்று அவர்கள் சொல்லும் கதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். என் வீட்டுக்காரர், "அத்தைய நம்பி பஸ்ஸுக்குக் கெளம்புனா அடுத்த பஸ்ஸும் போயிரும்" என்று கேலி செய்வார். அப்பா அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார். கையை வீசிக்கொண்டு முன்னால் போய்விடுவார். நானும் கையில் பையோடு தள்ளி நின்று, "வாம்மா, ஊர்க்கதை போதும்" என்று கத்துவேன். அம்மா சிரித்துக்கொண்டே கையைக் காட்டுவாள், இரு, வருகிறேன் என்று. பேச மாட்டாள், கையைத்தான் காட்டுவாள்.

ஒரு வியாழக்கிழமை, ஆறரைக்கு வர வேண்டிய எண் டவர் கிடைக்காமலோ என்னவோ வரவில்லை. முதல் பீரியடில் பத்தாம் வகுப்பில் முக்கோணத்தை வரைந்து முடித்திருந்தேன். போன் அதிர்ந்தது. நூற்று நாற்பது. சிவப்பு.

சாக்பீஸ் கையிலிருந்து விழுந்ததுகூடத் தெரியவில்லை. முன் பெஞ்சுப் பிள்ளை எடுத்துக் கொடுத்தாள். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள். "டீச்சர், அய்யாவ இன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க. நம்பர் ரொம்பக் கம்மியா இருக்கு. தனியா விடாதீங்க" என்றாள்.  அப்பாவின் பட்டன் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வீட்டு போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. அரை நாள் லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு காரைப் பிடித்தேன். சின்னமனூர் தாண்டி, உத்தமபாளையம் தாண்டி, கம்பம் வரும் வரை நான் மனசுக்குள் அப்பாவை எத்தனை தடவை சாகக் கொடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியாக அவரிடம் நேரில் பேசியது பீடி பற்றிய அந்த வார்த்தை என்பதே திரும்பத் திரும்ப வந்தது.

காமயகவுண்டன்பட்டியில் இறங்கித் தெருவுக்குள் ஓடுகிறேன், எதிரே அப்பா வருகிறார். தோளில் திராட்சை அடுக்கிய பிளாஸ்டிக் கிரேடு. ஒன்றல்ல, ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு. இளைக்கவில்லை, நிற்கவில்லை, நடந்து வருகிறார்.

நான் அலறியதில் தெருவில் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது.

"எறக்குங்கப்பா! செத்துருவீங்கப்பா!"

அப்பா கிரேடுகளை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் ஆத்தா, சாகப்போறவன் மாதிரியா இருக்கு?" என்றார். இல்லை. அதுதான் எனக்கு இன்னும் திகிலாக இருந்தது. சில பேருக்கு வெளியே தெரியாமலே முற்றிவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். வாதாடாமல் காரில் ஏற்றினேன். அம்மாவும், "அவுகள விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்" என்று ஏறிக்கொண்டாள். மதுரை வரை அவள் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அம்மனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்த முகம். அப்பாவை உட்கார வைத்து ஒரு குழாயைக் கொடுத்தாள். அப்பா ஊதினார்.

இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

நர்ஸ் முள்ளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். முள்ளைக் கீழே இறக்கிவிட்டு இன்னொரு தடவை என்றாள். முந்நூறு. நாங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன குழாயில் ஊதச் சொன்னாள். அதிலும் முந்நூறு. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியும் சரியாகவே காட்டியது.  காலையில் நூற்று நாற்பது, மதியம் முந்நூறு. இப்படி ஒரு கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது.

"எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு டீச்சர்" என்றாள் நர்ஸ். "ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல அய்யா மூச்சு விடாம பேசுறாரு. இந்த நம்பர் உள்ளவங்க அப்படிப் பேச முடியாது. அய்யா, காலைல இப்படித்தான் ஊதுறீங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: "அவுக எங்கன ஊதுனாக? நான்ல ஊதுறேன்."

 நான் விக்கித்துப் போய் நின்றேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முதல் மூன்று வாரம் அப்பாவேதான் ஊதியிருக்கிறார். அதற்குப் பிறகு தோட்டத்துக்கு த்ரீ பேஸ் கரண்டு வரும் நேரத்தை மாற்றிவிட்டார்களாம். விடிந்தும் விடியாததுமாக அப்பா மோட்டார் போடப் போய்விடுவார். ஆறு மணிக்கு வீட்டில் போன் மணி அடிக்கும். போன் வீட்டில், குழாய் வீட்டில், ஆள் தோட்டத்தில். "நீயே ஊதிப் போட்ரு" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். அம்மாவும் தட்டவில்லை.

"அப்ப, நீ ஊதுனா அது எப்படிம்மா அவர் நம்பர் ஆகும்?" என்றேன். 

அம்மாவுக்கு என் கேள்விதான் புரியவில்லை. "ஏன் ஆகாது? இவுகளுக்குக் கொடலு ஆபரேசன் பண்ணையில தீச்சட்டி எடுக்கேன்னு நேந்தது யாரு? இவுக. எடுத்தது யாரு? நானு. ஆத்தா ஏத்துக்கலையா? புருசனுக்குப் பொண்டாட்டி செஞ்சா செல்லாதா? நான் என்ன சும்மாவா ஊதுனேன்? குளிச்சு, துன்னூறு பூசி, கெழக்க பாத்து நின்னு, மனசுல அவுக பேரச் சொல்லித்தேன் ஊதுனேன். எண்ணக் கூட்டியும் போடல, கொறைச்சும் போடல. சாமி சத்தியமா, முள்ளு எங்கன நிக்குதோ அதத்தேன் போட்டேன். அது எறங்க எறங்க எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு, இவுகளுக்கு என்னமோ ஆகப்போகுதுன்னு."

இதை அசட்டுத்தனம் என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பக்கம் திருவிழாவில் பாதித் தீச்சட்டி பொம்பிளைகள் கையில்தான் இருக்கும். நேர்ந்தவர்கள் ஆம்பிளைகளாக இருப்பார்கள், கை சுடுவது இவர்களுக்குத்தான். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம். நானும்தான்.

முதலில் அப்பாதான் சிரித்தார். "உன் பொட்டச்சி மூச்சுக்கு எனக்கு மாத்திரயா? ஒரு மாசமா என் கைய நடுங்க விட்டியேடி!" என்று தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரில் வரும்போது தேக்கி வைத்த பயமெல்லாம் சிரிப்பாக உடைந்தது. அம்மாவும் வெட்கத்தோடு சிரித்தாள். அப்பாவுக்கு ஒன்றும் இல்லை, அப்பா பிழைத்துக் கிடக்கிறார், பீடியும் குடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர வர நான் சிரித்தேன்.

நர்ஸ் சிரிக்கவில்லை. அவள் குழாய்க்குப் புது வாய்முனை ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்திரண்டு வருடக் கணக்கு டீச்சருக்கு அதற்கு அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. அப்பாவுடையது இல்லை என்றால், அந்த நூற்று நாற்பது யாருடையது?

"அம்மா, இங்கன வந்து உக்காருங்க" என்றாள் நர்ஸ். "ஒரு தடவ ஊதுங்க."

அம்மா குழாயை வாங்கினாள். சேலையைச் சரி செய்துகொண்டு, எந்தப் பக்கம் கிழக்கு என்று பார்த்துத் திரும்பி, கண்ணை மூடி உதட்டை அசைத்துவிட்டு ஊதினாள். நூற்று முப்பத்தைந்து.

"இப்ப உங்க பேரச் சொல்லி ஊதுங்கம்மா" என்றாள் நர்ஸ், தணிந்த குரலில்.

"என் பேரவா?" என்று அம்மா கூசிப்போனாள். பிறகு ஊதினாள். அதே நூற்று முப்பத்தைந்து.

அவளுக்கு இருமல் வந்தது. அடங்கச் சற்று நேரமானது. அடங்கியதும், "இன்னிக்கு வெயிலு" என்றாள் எங்களைப் பார்த்து.

பெரிய பரிசோதனையெல்லாம் எடுத்தார்கள். டாக்டர் அம்மாவிடம், எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "எனக்கென்ன, நான் நல்லாத்தேன் இருக்கேன்" என்றாள். பீடி, சிகரெட்? கிடையாது. அடுப்பு? கேஸ் இருக்கு, ஆனால் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் குச்சிதான். திராட்சைக்குக் கந்தகத்தூள் போடும்போது கூட நிற்பீர்களா? நிற்பேன். வீட்டுக்குள் பீடி குடித்த வருஷங்கள் எத்தனை? அதற்கு அப்பா பதில் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பாதிக்கு மேல் போய்விட்டது என்றார் டாக்டர். போனது திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இனி இவருக்கு முன்னால் இந்த அம்மாவைத்தான் கவனிக்க வேண்டும் என்றார். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அஞ்சு வாரமாக அம்மாவின் மூச்சு நாள்தோறும் ஆறரை மணிக்கு என் போனுக்கு வந்திருக்கிறது. நானும் தவறாமல் அதைச் சுவரில் புள்ளியாக வைத்து, சிவப்பு ஸ்கெட்சால் கோடு இழுத்து, மேலே அப்பா பெயரை எழுதி வைத்திருக்கிறேன். எண் பொய் சொல்லவில்லை. அது பாட்டுக்கு உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவருக்காக அவள் வைத்த வெந்நீரின் புகை, அவர் பெயரில் அவளையே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்திருக்கிறது. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவைத் திருடனாக்கினேன், அம்மாவைச் சும்மா இரு என்றேன்.

ஐந்து நாள் கழித்து அம்மாவை ஊருக்குக் கூட்டிப் போனேன். அப்பா முந்தின நாளே தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். தெருவில் சாக்கடை வேலை நடந்ததால் கார் உள்ளே வராது என்று பஸ் நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தோம். முதல் வீட்டு வாசலில் அம்மா நின்றாள். "என்ன, மாவு அரைச்சு வச்சுட்டியா?" என்று கேட்டாள். உள்ளிருந்தவள் ஆஸ்பத்திரிக் கதை கேட்டாள், அம்மா தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். நான்கு வீடு தள்ளி மறுபடி நின்றாள். நான் பழக்கதோஷத்தில், "வாம்மா, கதை போதும்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவள் நின்ற வீட்டைப் பார்த்தேன். அது பூட்டிக் கிடந்தது. பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. அவர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, பூட்டைப் பார்த்து, "இன்னும் வரலையா இவுக" என்றாள். அவள் கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

 எத்தனை வருடம். எத்தனை வாசல். கொழம்பு என்ன என்று கேட்டுவிட்டு அவர்களைப் பேச விட்டு அவள் மூச்சைப் பிடித்திருக்கிறாள். நானும் என் வீட்டுக்காரரும் அதை வைத்துச் சிரித்திருக்கிறோம். பையை அங்கேயே கீழே வைத்துவிட்டு நானும் அந்தப் பூட்டிய வீட்டு முன்னால் நின்றேன். போகலாம் என்று அவள் கையைக் காட்டும் வரை நின்றேன்.

அம்மா பெயரிலும் ஆப்பில் பதிந்து, தனிக் குழாய் வாங்கி, சொல்லிக் கொடுத்துவிட்டுத் தேனிக்கு வந்தேன். மறுநாள் காலை ஆறரைக்குப் போன் அதிர்ந்தது. அம்மா: இருநூற்றுத் தொண்ணூறு. இருமல் இல்லை. சளி இல்லை. பச்சை.

"யாரு ஊதுனதும்மா இது?" என்று உடனே கூப்பிட்டுக் கேட்டேன்.

"யாரும் ஊதல. இருநூத்தித் தொண்ணூறுன்னா நல்லதுன்னு அந்த மதுரைப் புள்ள சொன்னுச்சுல்ல, அதப் போட்டேன்."

"அப்பாவுக்கு மட்டும் முள்ளு நின்ன எடத்தப் போட்டேன்னு சத்தியம் பண்ணுன?"

"அவுக பேர்ல பொய் போட்டா பாவம் தாயி. என் பேர்ல போட்டா யாருக்கு என்ன?"

போனைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டீச்சராக மாறி ஒரு சட்டம் போட்டேன். இனி அம்மாவின் எண்ணை அப்பா பார்த்துப் போட வேண்டும், அப்பாவின் எண்ணை அம்மா பார்த்துப் போட வேண்டும். ஊதுவது அவரவர் வாயால். மோட்டாருக்குப் போனிலேயே போட்டு அணைக்கிற ஸ்டார்ட்டரை மாட்டியாயிற்று. ஊரில் பாதிப் பேர் எப்போதோ மாட்டிவிட்டார்கள், எங்களுக்குத்தான் தோன்றவில்லை. கவாத்துக் குச்சியைக் கொல்லைக்குக் கொண்டுவரக் கூடாது என்று அப்பாவே சொல்லிவிட்டார். பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார், ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது நாள் காலையில் அப்பா கூப்பிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக் காட்டினார். "'நடக்கும்போது நடுவில் நிற்க வேண்டியிருக்கிறதா?' இதுக்கு நான் என்னத்தப் போட ஆத்தா?"

"நிக்கிறாளா இல்லையாப்பா? நீங்கதானே கூட நடக்கிறீங்க."

மறுமுனையில் அவர் கண்ணாடியைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் என்னிக்கு அவகூட நடந்தேன்" என்றார். "நான் முன்னாலல்ல போயிருவேன்."

அன்றைக்கு அந்தக் கேள்வியைக் காலியாகவே விட்டார். சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போயிருக்கிறார், அதைப் பார்ப்பதற்காகவே. திரும்பி வந்ததும் மறுபடி கூப்பிட்டார்.

"நாலு எடத்துல நின்னா தாயி. இந்தா இருக்க கோயிலுக்கு நாலு எடம். அவ நிக்கயில எல்லாம் நானும் நின்னேன்."

"சரிப்பா. நாலுன்னு போடுங்க."

"போட்டுட்டேன்" என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன், வைக்கவில்லை. "எல்லா வீட்டு வாசல்லயும் ஆளு இருந்தாக ஆத்தா. ஒருத்தர்கிட்டயும் ஒரு பேச்சுக் குடுக்கல அவ. என் தோளப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நின்னா."